உங்களுக்குத் தெரியுமா? துரை பங்களாக் கதிரைகளின் கதை

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழைய துரை பங்களாக்களில் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். பின்னங்கால் வாள்போல் வளைந்திருக்கும். முதுகுச் சட்டத்தில் இலையும் கொடியும் ஓடும். இருக்கை பிரம்பால் பின்னியிருக்கும். "வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் இந்தக் கதிரைகளின் வடிவம் ஒரு நாட்டில் பிறந்தது, மரம் இன்னொரு நாட்டில் வளர்ந்தது, உளி பிடித்தவர்கள் வேறு ஆட்கள். அந்தக் கதையிலிருந்து சில துளிகள் இங்கே.

மன்னர் இருக்கையில் பிரெஞ்சுச் சாயல்

தேயிலைக்கும் கோப்பிக்கும் முன்பே பிரெஞ்சுப் பாணி மலையேறிவிட்டது. கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு 1693இல் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றே ஒரு சிம்மாசனத்தைப் பரிசளித்தார். மரத்தின் மேல் பொன் தகடு போர்த்தி, கற்கள் பதித்த இருக்கை அது. இரு கைப்பிடிகளும் சிங்கங்கள். முதுகுச் சாய்வின் உச்சியில் கதிர் வீசும் சூரிய முகம். சூரியன் கண்டி அரச மரபின் சின்னம். அப்போது பிரான்சை ஆண்ட பதினான்காம் லூயியும் சூரியனையே தன் சின்னமாகக் கொண்டிருந்தார். சிம்மாசனத்தின் உடலமைப்பும் அந்த லூயி காலத்துப் பாணியை ஒட்டியதுதான்.

119 ஆண்டுகள் கழித்துத் திரும்பியது

1815இல் கண்டி வீழ்ந்தது. நாயக்கர் வம்சத்தின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே காலமானார். அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்தின் வின்சர் கோட்டைக்குப் போனது. 1934இல் குளோஸ்டர் கோமகன் இளவரசர் ஹென்றி அதைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் அதை நேரில் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அந்தச் சூரிய முகத்தைக் காட்டாமல் திரும்பி வராதீர்கள்.

ஓர் அரச ஆணை, ஊர் ஊராகச் சிதறிய கைகள்

ஒல்லாந்தர் கொடுத்த இருக்கைக்குப் பிரெஞ்சுச் சாயல் எப்படி வந்தது? 1685இல் பதினான்காம் லூயி, பிரான்சின் புரட்டஸ்தாந்து மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தார். ஹியூகனோட்டுகள் எனப்பட்ட அந்த மக்கள் ஆயிரக்கணக்கில் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் தப்பி ஓடினார்கள். அவர்களில் நெசவாளர், வெள்ளி வேலைக்காரர், மரச் செதுக்கர் எனக் கைத்தொழில் தெரிந்தவர்கள் ஏராளம். பிரான்ஸ் இழந்த தொழில் ஒல்லாந்துக்குக் கிடைத்தது. ஒல்லாந்தரின் கப்பல்களில் ஏறி அது ஆசியாவுக்கும் வந்தது.

கதிரைக்குப் படம் போட்ட அகதி

அப்படி ஓடியவர்களில் பெரிய பெயர் டானியல் மறோ. 1661இல் பாரிஸில் பிறந்தவர். ஒல்லாந்தில் ஒரேஞ்ச் இளவரசர் வில்லியத்திடம் வேலைக்குச் சேர்ந்தார்; வில்லியம் இங்கிலாந்தின் மன்னரானதும் அங்கும் போய் வேலை செய்தார். அறை, தோட்டம், கட்டில், கதிரை என எல்லாவற்றுக்கும் படம் வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். உயர்ந்த முதுகும் துளையிட்ட செதுக்கும் கொண்ட கதிரைகள் அந்தப் படங்களின் வழியே பரவின. அச்சிட்ட ஒரு தாள் கையில் இருந்தால் போதும், எந்த ஊர்த் தச்சரும் பார்த்துச் செய்துவிடலாம்.

தூது வந்தவர் ஊரவர் ஆனார்

ஒல்லாந்தர் வழியே பிரெஞ்சுச் சாயல் வருமுன்பே, பிரெஞ்சுக்காரர் நேரிலும் வந்திருந்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று திருகோணமலையில் நங்கூரமிட்டது. அதன் தலைவர் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனிடம் லனரோல் என்பவரைத் தூது அனுப்பினார். மன்னர் அவரைத் திரும்பிப் போக விடவில்லை. கண்டியில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸும் தன் நூலில் இந்தத் தூதரைப் பற்றி எழுதியிருக்கிறார். லனரோல் என்ற குடும்பப் பெயர் இன்றும் இலங்கையில் உண்டு.

மண்ணுக்குள்ளிருந்து வந்த நவநாகரிகம்

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரங்களான ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பெயியை 1748இலும் தோண்டத் தொடங்கினார்கள். வெளிவந்த சுவரோவியங்களும் தளபாடங்களும் ஐரோப்பாவின் ரசனையையே மாற்றின. வளைந்து நெளிந்த கால்கள் போய், நேராக இறங்கி நுனியில் ஒடுங்கும் கால்கள் வந்தன. தூண்களில் உள்ளதைப் போன்ற வரிப்பள்ளங்கள், நீள்வட்ட முதுகு, பூமாலைத் தோரணம், கிரேக்கக் கோலம் என்று செதுக்கின் பாடமே மாறியது. இதைத்தான் புதுச்செவ்வியல் பாணி என்கிறோம்.

2,400 ஆண்டு பழைய கால்

பின்னங்கால் பின்னோக்கியும் முன்னங்கால் முன்னோக்கியும் வளையும் கதிரைக்குக் கிரேக்கத்தில் 'கிளிஸ்மோஸ்' என்று பெயர். கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சாடிகளிலும் கல்லறைக் கற்களிலும் அதில் பெண்கள் அமர்ந்திருக்கும் காட்சி உண்டு. பாரிஸின் கதிரைச் சிற்பி ஜோர்ஜ் ஜாக்கோப், ஓவியர் தாவீதின் ஓவியக்கூடத்துக்காக 1780களில் இந்தப் பழைய பாணியில் கதிரைகள் செய்துகொடுத்தார். ஓவியத்தில் வந்த கதிரை அப்படியே மக்களின் வீட்டுக்கும் வந்துவிட்டது.

புரட்சி, இலண்டன், இளவரசர்

பிரெஞ்சுத் தச்சர்கள் இலண்டனுக்குப் போனது ஒரு தடவையோடு முடியவில்லை. பியர் லாங்க்லுவா 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கு பட்டறை போட்டிருந்தார். வேல்ஸ் இளவரசரின் கார்ல்டன் மாளிகைக்குக் கதிரை செய்தவர்களில் பிரான்சுவா ஹெர்வே முக்கியமானவர். 1789இன் புரட்சியால் பாரிஸில் பணக்கார வாடிக்கையாளர் அருகியபோது, பிரெஞ்சுப் பாணிக்கு இலண்டனில் மவுசு கூடியது. பின்னாளில் இலங்கைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் கண்டு வளர்ந்த தளபாடங்கள் இவைதாம்.

கடற்போர் கதிரையில் ஏறியது

1805இல் டிரஃபல்கர் கடற்போரில் பிரிட்டன் வென்றது; தளபதி நெல்சன் உயிர்நீத்தார். அந்த நினைவில் முதுகுச் சட்டத்தைக் கப்பல் கயிறு முறுக்கியதுபோல் செதுக்குவது நாகரிகமானது. வாள்போல் வளைந்த கால், கயிறு முறுக்கிய சட்டம், பிரம்பு இருக்கை மூன்றும் ஒரே கதிரையில் இருந்தால் ஆங்கிலேயர் அதை 'டிரஃபல்கர் கதிரை' என்பார்கள். இலங்கைத் தச்சர்கள் இதே வடிவங்களைக் கருங்காலியிலும் முதிரையிலும் செய்தார்கள்.

பெயரை ஒட்டி வைத்தவர்

புலம்பெயர்ந்த பிரெஞ்சுத் தச்சர்களில் ஒருவர் ஷார்ல் ஒனொரே லன்னுயியே. 1779இல் பிறந்து, பாரிஸில் அண்ணனிடம் தொழில் பழகி, 1803இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். 1819இல், நாற்பது வயதளவில் இறந்துவிட்டார். பதினாறு ஆண்டு வேலைதான். ஆனால் தான் செய்த தளபாடங்களில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட பெயர்ச்சீட்டை ஒட்டிவைத்தார். அதனால் இரு நூற்றாண்டு கழித்தும் அவருடைய கைவேலையை அடையாளம் காண முடிகிறது. வெள்ளை மாளிகையின் சிவப்பு அறையில் அவர் செய்த வட்ட மேசை இருக்கிறது.

தச்சர் பரம்பரையில் ஒரு ஜனாதிபதி மனைவி

நெப்போலியனின் படையில் இருந்த மிஷேல் பூவியே 1815இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தச்சுப் பட்டறை வைத்தார். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட்டும் அவரிடம் தளபாடம் வாங்கினார். ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தந்தை இந்த மிஷேல்தான்.

சோழமண்டலக் கதிரை, ஆங்கிலேயப் பெருமை

18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹொறஸ் வோல்போல், நுணுக்கமான செதுக்குள்ள கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடி வாங்கினார். அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலேயக் கைவேலை என்று உறுதியாக நம்பி, ஸ்ட்ரோபெரி ஹில் என்ற தன் மாளிகையை அலங்கரித்தார். ஆய்வாளர்கள் பின்னர் கண்டுபிடித்தது வேறு: இந்த வகைக் கதிரைகள் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. நம் தச்சர்களின் கைவேலையைத் தங்கள் மன்னர் காலத்துப் புதையலாக ஒரு நாடு போற்றியது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. செய்தவர் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை என்பதில் வருத்தமும் உண்டு.

இலங்கைக்கு வந்த பதினாறாம் லூயி

ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் இலங்கையில் செய்த கதிரைகளில் பதினாறாம் லூயி காலத்துப் பாணி தெரிகிறது: ஒடுங்கும் நேர்க்கால், வரிப்பள்ளம், நீள்வட்ட முதுகு. 1796இல் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சி மாறினாலும் பட்டறையும் தச்சரும் மாறவில்லை. ஒல்லாந்தக் கதிரை செய்த அதே ஊர்களில் ஆங்கிலேயக் கதிரை உருவானது. கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்திலும் புறக்கோட்டை ஒல்லாந்தர் நூதனசாலையிலும் அந்தக் காலத்துத் தளபாடங்களைக் காணலாம்.

தண்ணீரில் மூழ்கும் மரம்

நன்கு முற்றிய கருங்காலி வைரம் தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும். அவ்வளவு அடர்த்தி. அதனால்தான் பழைய கருங்காலிக் கதிரையை ஒற்றைக் கையால் தூக்க முடிவதில்லை. உளி சீக்கிரம் மழுங்கும். ஆனால் வெட்டிய விளிம்பு நூற்றாண்டு கடந்தும் கூர்மை மாறாமல் நிற்கும். முதிரை பொன்னிறத்தில் பட்டுப்போல் மின்னும். இரண்டும் உலர் வலயக் காடுகளின் செல்வங்கள். பலா வெட்டியபோது மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் ஓட ஓடச் செம்பழுப்பாகக் கனியும்.

கதிரைக்காகக் கரைந்த காடு

பழுப்பில் கறுப்பு அலைகள் ஓடும் கலமந்தர் மரம் இலங்கையில் மட்டுமே வளர்வது. அதன் அழகே அதற்கு எமனானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த நூலில் இந்த அழிவைப் பதிந்திருக்கிறார். இன்று எங்காவது ஒரு கலமந்தர் மேசையைக் கண்டால், அதன் பின்னால் ஒரு காடு இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காலியும் மொறட்டுவையும்

துரை பங்களாக்களின் தளபாடங்களுக்குத் தாய்வீடு கரையோரம். காலியின் தச்சர்கள் கருங்காலிச் செதுக்குக்கும், பல நிற உள்ளூர் மரத்துண்டுகளைப் பதித்த மேசைகளுக்கும் பெயர் பெற்றவர்கள். மொறட்டுவை இன்றும் தளபாடத்துக்குப் பேர்போன ஊர். கொழும்பில் டொன் கரோலிஸின் நிறுவனம் பெரிய அளவில் தளபாடம் செய்து வெளிநாடுகளுக்கும் விற்றது. பௌத்த மறுமலர்ச்சியாளர் அநகாரிக தர்மபாலவின் தந்தை அவர்.

மலையேறிய விதம்

இரயில் வராத காலத்தில் கதிரையும் கட்டிலும் மாட்டு வண்டியிலும் ஆட்களின் தலையிலும் தோளிலுமாக மலையேறின. 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த சாமுவேல் பேக்கரின் குதிரை வண்டியே றம்பொடைக் கணவாயில் கவிழ்ந்து உருண்டது என்றால், அந்தப் பாதை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்டிக்கு 1867இலும், ஹட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும் இரயில் வந்தது. அதன் பிறகுதான் கனமான அலுமாரியும் பியானோவும் சுலபமாக மேலே வரத் தொடங்கின.

நீண்ட கையுள்ள கதிரை

தோட்டத்துரையின் அடையாளமான சாய்மனைக் கதிரையை நன்றாகக் கவனியுங்கள். இருக்கையும் முதுகும் ஒரே சரிவாகப் பிரம்பால் பின்னியிருக்கும். கைப்பிடிகள் அகலமான பலகைகள். அவற்றுக்கு அடியில் இன்னொரு பலகை ஆணியில் சுழலும்படி பொருத்தியிருக்கும். அதை முன்னே திருப்பினால் கைப்பிடி இருமடங்கு நீளும். மலைச்சரிவில் நடந்து வந்தவர் சப்பாத்துக் காலை அதன்மேல் நீட்டிக்கொள்ளலாம். சட்டம் ஐரோப்பிய வழி, பிரம்பு ஆசிய வழி, தேவை தோட்டத்து வாழ்க்கையுடையது.

ஒரு பிரம்பு இருக்கை பின்னும் முறை

சட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் துளைகள். பிரம்புப் பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வழவழப்பான பக்கம் மேலே வரும்படி முதலில் முன்னிருந்து பின்னாக இழுப்பார்கள். பிறகு குறுக்காக ஒரு வரிசை. மறுபடி நீளவாக்கில் ஒன்று, மறுபடி குறுக்காக ஒன்று. இந்தத் தடவை மேலும் கீழுமாகக் கோத்து வரவேண்டும். அதன் பின் இரு மூலைவிட்டங்கள். பட்டை நழுவாமல் துளைகளில் சிறு மரமுளை செருகி, வேலை முடிந்ததும் எடுப்பார்கள். கடைசியாக விளிம்பில் அகலப் பட்டை வைத்துக் கட்டுவார்கள். ஆறு வரிசை இழையும் சேர்ந்தால் எண்கோணக் கண்கள் தாமாகத் திறக்கும். காய்ந்ததும் பிரம்பு சுருங்கி மத்தளத் தோல்போல் இறுகும்.

உட்கார்ந்தவரும் நின்றவரும்

தோட்டத்தில் கதிரை என்பது அதிகாரத்தின் இடம். விடியலில் பிரட்டுக்களத்தில் தொழிலாளர் நின்றபடியே பேர் கொடுத்தார்கள். பங்களாவுக்கு முறையிடப் போனவர் படிக்குக் கீழே நின்றார். துரை விறாந்தையில் அமர்ந்து கேட்டார். மலையகத்தைக் காலால் அளந்து, கையால் பச்சையாக்கிய மக்களுக்கு அந்த விறாந்தையில் ஓர் இருக்கை கிடைக்கவில்லை. பழைய கதிரைகளின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

லயத்துத் தளபாடம்

தொழிலாளர் குடியிருந்த 10 அடிக்கு 12 அடி லயத்து அறையில் செதுக்குக் கதிரைக்கு ஏது இடம்? தேயிலை ஏற்றுமதிக்கு வந்த பெட்டிப் பலகை அங்கே மேசையானது, சாமிமாடமானது, பிள்ளையின் புத்தகத் தட்டானது. தேயிலைக்கு இடையே நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நட்ட சவுக்கு, அதாவது கிரவில்லியா, கதிரைக்கும் கட்டிலுக்கும் உதவியது. பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் முறுக்கேறிய அடிமரம்கூட சிறு மேசைக்குக் காலானது. இவையும் மலையகத்தின் தளபாட வரலாறுதான். நூதனசாலையில் இவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும்.

எங்கே பார்க்கலாம்?

நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. கிராண்ட் ஹோட்டல், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மலை இல்லமாக இருந்து வளர்ந்தது. ஹட்டன் பக்கத்தில் 1888இல் கட்டிய டியென்சின் பங்களா இன்று விருந்தினர் இல்லம். ஹப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகை இப்போது துறவியர் மடம். அங்கே அந்தக் காலத்துத் தளபாடங்களையும் பாதுகாத்து வருகிறார்கள்.

பழசா, பழசுபோல் செய்ததா?

கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் ஒழுங்கற்றும் இருக்கும். வட்ட வாள் இயந்திரம் வளைந்த கோடுகளை விட்டுப்போகும். மூட்டுகள் துளையும் நாக்கும் கோத்து, மரமுளை அடித்தவையா என்று பாருங்கள். கையும் காலும் உரசும் இடத்தில்தான் இயல்பான தேய்மானம் இருக்கும். எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மலைக்குளிருக்கு ஏற்ற பராமரிப்பு

சுமார் 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் மூடுபனியின் ஈரம் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். பழைய தோல் பசையை இளக்கும். கணப்படுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து மரம் வெடிக்கும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, காற்றோட்டமாக வைப்பது நல்லது. தொய்ந்த பிரம்பு இருக்கையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி நிழலில் காயவிட்டால் ஓரளவு இறுகும். பழைய மரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பளபளப்பு ஏற்றாதீர்கள். காலம் கொடுத்த நிறம் போனால் திரும்ப வராது.

பெயரை எழுதி வையுங்கள்

நியூயோர்க்கில் ஒரு புலம்பெயர் தச்சரின் பெயர் நிலைக்க ஒரு காகிதத் துண்டு போதுமாக இருந்தது. நம் தோட்டங்களிலும் கொழுந்து மடுவம் முதல் பங்களாக் கதிரை வரை செய்தும் செப்பனிட்டும் கொடுத்த தச்சர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ ஒரு பழைய கதிரை இருந்தால், அதைச் செய்தவர் அல்லது பிரம்பு பின்னியவர் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர், ஊர், மரம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற நான்கு விவரத்தையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, கதிரையின் அடிச்சட்டத்தில் கட்டிவிடுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.